பாம்பு, ஓணான் வளர்ப்பு: குணம் மாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் பால் பைத்தான் வகைப் பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். வந்த முதல் வருடம், நன்றாகப் பழகியிருந்த அது ஒரு நாள் திடீரென்று என்னைக் கொத்த வந்தது. மனசு விட்டுப்போயிற்று. பயம் தெளியட்டும் என்று மாலையில் மறுபடி எடுக்கப் போனேன், சீறியது. அப்புறம்தான் விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கண்களும் ஆவி படிந்த கண்ணாடிபோல் நீலம் பூத்து மங்கியிருந்தன, வயிற்றுப்புறம் இளஞ்சிவப்பாகியிருந்தது. சட்டை உரிக்கப் போகிறது. நானோ பாதி குருடாக இருந்த உயிரை இரண்டு முறை தொந்தரவு செய்திருக்கிறேன்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி புகும் செதில் ஒன்று மூடியிருக்கும், சட்டையோடு அதுவும் உரியும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சுரக்கும் நாட்களில் பார்வை மங்கும். எதிரே வருவது வளர்ப்பவரின் கையா, எதிரியா என்று அப்போது அதற்குத் தெரியாது. அந்த நாட்களில் தொடாமல் விடுங்கள். ஈரமான பாசி போட்ட மறைவிடம் ஒன்று வைத்தால் போதும். கண் தெளிந்துவிட்டதே என்று உடனே கையில் எடுக்காதீர்கள், தெளிந்து சில நாள் கழித்துத்தான் சட்டை கழலும். கண்செதில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் இடுக்கியால் பிடுங்கவே கூடாது. அதோடு கண்ணும் கெட்டுப்போகலாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது, சாப்பிட மறுப்பது. "என்மேல் கோபம், அதனால்தான் சாப்பிடவில்லை" என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் முக்கியமாக. பதறிப்போய் வாயைப் பிளந்து ஊட்டுவதும், ‘எப்போதாவது தின்னட்டும்’ என்று உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போவதும் பெரிய தவறு. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். முதலில் கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறையாமல் நின்றால் பொறுத்திருக்கலாம், இறங்கிக்கொண்டே போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாள் தூக்காதீர்கள், கக்கிவிடும்.

ஓணான் வகைகளில் நம்மை அதிகம் ஏமாற்றுவது பியர்டட் டிராகன். முன்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கி, காற்றில் வட்டம் போட்டு இறக்கும். பார்ப்பவர்கள் "டாட்டா காட்டுது!" என்று பூரித்துப் போவார்கள். அதன் மொழியில் அது ‘நான் சின்னவன், என்னை விட்டுவிடு’ என்ற கெஞ்சல். அடிக்கடி இப்படிச் செய்தால் அது எதையோ பார்த்துப் பயப்படுகிறது: இன்னொரு டிராகனாக இருக்கலாம், கண்ணாடியில் தெரியும் தன் பிம்பமாகவும் இருக்கலாம்.

இரண்டை ஒரே கூண்டில் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே வேதனையாக இருக்கும். மேலே இருப்பது விளக்கின் சூட்டையும் புற ஊதா ஒளியையும் பிடித்துக்கொள்கிறது, கீழே இருப்பது இளைத்துக்கொண்டே போகும். தனித்தனியாக வையுங்கள். தடவும்போது கண்ணை மூடுவதையும் சுகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தப்பிக்க வழி தெரியாமல் மூடுவதும் உண்டு.

டிராகன், பெரிய ஓணான் வகையான இகுவானா இரண்டுக்கும் உச்சந்தலையில் கடுகு அளவில் ஒரு புள்ளி தெரியும். நெற்றிக்கண்ணைக் கதையில்தான் கேட்டிருக்கிறோம், இவற்றுக்கு அப்படியொன்று நிஜமாகவே இருக்கிறது. உருவம் தெரியாது, ஒளியும் நிழலும் தெரியும். மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாக நினைத்து அது மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டில், தாழ்வாகக் கையைக் கொண்டுபோங்கள். இது ஒன்றை மாற்றியதிலேயே ‘முரட்டு’ டிராகன் சாதுவானதைப் பார்த்திருக்கிறேன்.

வாயைத் திறந்து வைத்திருப்பதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். டிராகன் விளக்கின் கீழ் வாயைப் பிளந்து கிடந்தால் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பாம்பு இரை விழுங்கியபின் கொட்டாவி விட்டால் தாடையைச் சரிசெய்கிறது. ஆனால் குளிர்ந்த பக்கத்தில் இருக்கும்போதும் வாய் திறந்தே இருந்து, மூச்சில் சத்தமும் எச்சிலில் நுரையும் சேர்ந்தால் அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இடத்துக்கு இடம் நிறம் மாறுகிறவனைப் பச்சோந்தி என்கிறோம். அந்தப் பேச்சை நம்பி வண்ணத் துணிகளின்மேல் பச்சோந்தியை விட்டு வேடிக்கை பார்ப்பது பாவம். அது துணியைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. போட்டிக்கு ஒரு ஆண் வந்தால், பயந்தால், குளிர்ந்தால் மாறும். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதன் சூட்சுமத்தைக் காட்டினார்கள்: தோலில் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி கூடக் கூட, பச்சை மஞ்சளாகிறது. வளர்ப்பவர் கவனிக்க வேண்டியது கருமையை. வெகுநேரம் கறுத்தே இருந்தால் குளிர்கிறது, அல்லது எதற்கோ அஞ்சுகிறது.

சிறுத்தைபோல் புள்ளிகள் உள்ள பல்லியான லெப்பர்ட் கெக்கோ வாலை மெல்ல நெளித்தால் கையை எடுத்துவிடுங்கள், வாலைக் கழற்றிவிடும். ஆண் இகுவானா இணைசேரும் பருவத்தில் வளர்த்தவரையே கடிக்க வரும். அந்த வாரங்களில் அடக்கப் பார்க்காமல் தள்ளியிருங்கள்.

நான் அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எடை, இரை, கண் மங்கிய நாள், குணம் மாறிய நாள் எல்லாம் அதில் ஏறும். அந்தக் கொத்துக்கு நேரே இப்படி இருக்கிறது: "எட்டாம் நாள். முழுச் சட்டை. இரண்டு கண்செதிலும் சேர்ந்தே வந்துவிட்டன. மாலையில் கைக்கு வந்தது, சீறவில்லை."