முடி கொட்டும் நாய், பூனை உள்ள வீட்டுக்கு வாக்குவம் கிளீனர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு லேப்ரடாரோ ஸ்பிட்ஸோ இருந்தால் போதும், காலையில் தூத்து வாரிய தரையில் மத்தியானத்துக்குள் முடி உருண்டு கிடக்கும். வாரியலால் கூட்டினால் பாதி முடி எழும்பிப் பறந்து, கட்டிலுக்கு அடியில் போய் மறுபடியும் படியும். சரி, வாக்குவம் கிளீனர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் பார்ப்பது வாட் எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்பதைத்தான். அதோடு, இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் நிறைய கார்ப்பெட் விரித்த வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. நம் குமரி மாவட்டத்து வீடுகளில் மொசைக், டைல்ஸ், சிவப்பு சிமெண்ட் தரைதான், கார்ப்பெட் அபூர்வம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்வதால் வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் நிற்கும். இந்தத் தரையையும் இந்த ஈரத்தையும் பார்த்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாட் கூடினால் இழுக்கும் சக்தியும் கூடும் என்று நம்புவது முதல் தவறு. வாட் என்பது மோட்டார் தின்னும் கரண்டின் அளவு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வாக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்று வரம்பு வைத்து, 2017-இல் அதை 900 வாட்டுக்குக் கீழே இறக்கியது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஏனென்றால் காற்று போகும் பாதையையும் தரையில் படும் தலைப்பகுதியையும் நன்றாக வடிவமைத்தால் குறைந்த கரண்டிலேயே வேலை முடிந்துவிடும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும், உறிஞ்சும் அழுத்தத்தைக் குறிக்கும் பாஸ்கல் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பொதுவாகக் குழாயின் வாயை அடைத்துவைத்து, காற்றே ஓடாத நிலையில் அளந்தது. முடியைத் தூக்க காற்று ஓட வேண்டும். இன்னொன்று, 1400 வாட் மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள், மழைக்காலத்தில் கரண்ட் போனால் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பணத்தை எதில் போட வேண்டும் என்று கேட்டால் நான் தலைப்பகுதி என்றுதான் சொல்வேன். கடினமான நார் வைத்த பிரஷ் ரோலர் கார்ப்பெட்டுக்காக வந்தது. டைல்ஸில் அது வேகமாகச் சுற்றும்போது முடியை உள்ளே இழுப்பதற்குப் பதில் பின்பக்கமாக வீசி எறியும், உங்கள் காலில் வந்து ஒட்டும். நம் தரைக்கு மெத்தென்ற துணி ரோலர் வேண்டும், இல்லையென்றால் ரோலரே இல்லாத, அடியில் மென்மையான பிரஷ் ஓரம் வைத்த தட்டைத் தலை போதும். ஆனால் சோபா, மெத்தை, கார் சீட் இவற்றின் கதை வேறு. நாட்டு நாயின் குட்டை முடி துணியின் நெசவுக்குள் ஊசிபோலக் குத்தி நிற்கும், வெறும் காற்று இழுத்தால் வராது. அதற்குச் சுழலும் பிரஷ் உள்ள சின்னத் தலை ஒன்று தனியாக வேண்டும். அதிலும் இரண்டு வகை: உள்ளே தனி மோட்டார் உள்ளது ஒன்று, உறிஞ்சும் காற்றே சுழற்றுவது இன்னொன்று. இரண்டாவது வகை விலை குறைவு, ஆனால் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்ததும் அது சுற்றாமல் நின்றுவிடும். சோபாவில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் நிற்கும். நாய் சோபாவிலேயே படுத்துத் தூங்கும் வீடென்றால் மோட்டார் வைத்ததையே வாங்குங்கள்.

கடையில் ரோலரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையாலேயே கழற்ற முடிகிறதா, திரும்ப மாட்ட முடிகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள். முடி நடுவில் சுற்றியது கண்ணுக்குத் தெரியும், கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடலாம். தொந்தரவு தருவது இரண்டு முனைகளிலும் பேரிங் பக்கம் நுழைந்து, நூல்கண்டு மாதிரி இறுகிவிடும் முடிதான். அது தெரியாமலே சேர்ந்து, ஒரு நாள் ரோலர் சூடேறி நிற்கும். முனையில் உள்ள மூடியைத் திறக்க முடியாத மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அப்புறம், கடைக்குப் போகும்போது நாய் படுக்கும் துணியில் ஒரு துண்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரையில் கொட்டிக் காட்டும் காகிதத் துணுக்குகளை எந்த மெஷினும் இழுக்கும், உங்கள் நாயின் முடியை இழுக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்து ஃபில்டர், நம் ஊரில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். கழுவக்கூடிய ஃபில்டர் என்றதும் சந்தோஷப்பட்டு வாங்கிவிடுகிறோம். கழுவியபின் 24 மணி நேரம் காயவிட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அது வெயில் அடிக்கும் ஊருக்குச் சரி. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஆடிச் சாரல் விழும்போது துவைத்த சட்டையே ஒரு நாளில் காயாது, மடிப்பு மடிப்பாக உள்ள ஃபில்டர் எப்படிக் காயும்? வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். அதை மாட்டி ஓட்டினால் நுண்ணிய தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், மோட்டாருக்கும் ஈரம் போகும், வீடெல்லாம் நனைந்த நாயின் வாடை வீசும். வாங்கும் அன்றைக்கே இன்னொரு ஃபில்டரும் சேர்த்து வாங்கி, மாற்றி மாற்றிப் போடுங்கள். தனி ஃபில்டர் விற்காத கம்பெனியின் மெஷினைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் கழுவுவதைக் குறைத்து, முற்றத்தில் தட்டி, பழைய டூத் பிரஷால் தூசியை உதிர்த்தாலே பெருமளவு வேலை நடக்கும்.

வீட்டில் யாருக்காவது தும்மல், இளைப்பு இருந்தால் நுண்துகளையும் பிடிக்கும் ஃபில்டரைக் குறிக்கும் ஹெப்பா (HEPA) என்ற வார்த்தையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ஃபெல் டி 1 என்ற புரதம். அது எச்சிலிலிருந்தும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும் வருகிறது, பூனை தன்னை நக்கும்போது முடியில் ஒட்டிக்கொள்கிறது. முடியை எடுத்தாலும் இந்த நுண்துகள் மெஷினின் பின்பக்கக் காற்றோடு வெளியே வந்தால் பயனில்லை. அமெரிக்கத் தரத்தில் உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய தரத்தில் எச்13 என்றால் 99.95 சதவீதம். ‘ஹெப்பா போன்றது’ என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா ஆகாது. ஃபில்டர் நல்லதாக இருந்தும் மூடியின் இடுக்கு வழியே காற்று கசிந்தால் பணம் வீண், ஆகவே ஃபில்டரைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு பை வைத்த மெஷின்தான் என் தேர்வு. பை வாங்கும் செலவு தொடர்ந்து வரும், ஆனால் பை இல்லாத மெஷினில் தூசி டப்பாவைத் தட்டும்போது பறப்பதுபோல முகத்தில் தூசி பறக்காது.

உண்ணி, தெள்ளுப்பூச்சி உள்ள காலத்தில் வாக்குவம் நல்ல துணை. தெள்ளின் முட்டைகளை இழுத்துவிடும், மெஷினின் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவையும் வெளியே வரும். ஆனால் இழுத்ததில் எல்லாமே செத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம், உள்ளே சேர்ந்த குப்பையை அன்றைக்கே வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போட வேண்டும். பூச்சி சாகட்டும் என்று டப்பாவுக்குள் பாச்சா உருண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆவி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு, தயவுசெய்து செய்யாதீர்கள். நாய்க்குத் தூவிய உண்ணிப் பவுடரை மெஷினால் இழுப்பதும் தவறு, மாவு போன்ற பவுடர் ஃபில்டரை உடனே அடைக்கும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தையும் இழுக்கும் வகை மெஷின் இல்லையென்றால் மூத்திரத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கடலோரத்து வீடுகளுக்கு மணல் ஒரு தனிப் பிரச்சினை. மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடல் மணலில் கார்னெட் இருக்கிறது, உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கனிமம். நாய் கடற்கரையில் உருண்டுவிட்டு வந்தால் அந்த மணல் மெஷினின் சக்கரத்தில் ஒட்டி டைல்ஸைக் கீறும். சக்கரத்தில் ரப்பர் இருக்க வேண்டும், அதையும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

வயர் இல்லாத மெஷின் கைக்கு லேசு, தினமும் பத்து நிமிஷம் எடுக்க அருமை. விளம்பரத்தில் சொல்லும் 40, 60 நிமிஷமெல்லாம் குறைந்த வேகத்தில்தான். சோபாவுக்கு முழு வேகம் வைத்தால் பல மாடல்கள் கால் மணி நேரம்கூட நிற்காது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, அதன் விலை என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரோபோவைப் பொறுத்தவரை, உயரமான நிலைப்படி உள்ள பழைய வீடுகளில் அது ஒரு அறைக்குள்ளேயே சுற்றும், ஏனென்றால் பெரும்பாலானவை சுமார் 2 சென்டிமீட்டர் மேட்டைத்தான் தாண்டும். நாய்க்குட்டி இன்னும் வெளியே போகப் பழகவில்லை என்றால் ரோபோவை ஆளில்லாத நேரத்தில் ஓட விடாதீர்கள், மலத்தை வீடு முழுக்கப் பூசிவிடும்.

பணம் கட்டும் முன் உங்கள் பின்கோடைச் சொல்லி சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் அடுத்த மாடலைப் பாருங்கள். சத்தத்தையும் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்: மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய் ஏறக்குறைய 45,000 வரையும் பூனை அதற்கும் மேலேயும் கேட்கும் என்பதால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் மோட்டார் அவற்றுக்கு அலறலாக இருக்கலாம். வாங்கி வந்த முதல் சில நாட்கள் மெஷினை அணைத்தே ஹாலில் வைத்து, பக்கத்தில் பிஸ்கட் போட்டு மோந்து பார்க்க விடுங்கள், அதன்பிறகு அடுத்த அறையில் குறைந்த வேகத்தில் போடுங்கள்.