இத்தாலியின் மலையூர்களுக்குத் தனியே போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

உம்பிரியா மாநிலத்துப் பெரூஜா நகருக்குப் படிக்க வந்த முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மோன்தெபுல்சியானோ என்று பெயர்ப்பலகை தொங்கிய ரயில் நிலையத்தில் இறங்கினேன். சுற்றிலும் வயல். ஊர் தொலைவில் ஒரு குன்றின்மேல் தெரிந்தது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அங்கே போகும் பஸ்ஸுக்கு நான் முன்னதாகவே கியூசி நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிலையத்தின் பெயரை ஊர் என்று நம்புவதுதான் இங்கே முதல் தவறு. உம்பிரியாவிலும் டஸ்கனியிலும் உள்ள பழைய ஊர்கள் பகைவர் எளிதில் ஏறிவிடக் கூடாது என்று உச்சியில் கட்டப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் வந்த ரயிலோ பள்ளத்தாக்கோடு போய்விட்டது. அசீசி நிலையம் அடிவாரத்துச் சாந்தா மரியா தெலி ஆஞ்செலியில் இருக்கிறது. அங்கிருந்து மேலே பஸ் உண்டு. ஓர்வியேத்தோவில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட ரயில் ஏற்றிவிடும். பெரூஜாவில் நிலையத்திலிருந்து மேலே ஏற 2008 முதல் மினிமெட்ரோ என்ற சிறு ரயில் ஓடுகிறது. சியெனாவில் நிலையத்தின் அருகிலிருந்து நகரும் படிக்கட்டுகள் தொடர்ந்து மேலே போகின்றன. சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. போஜிபோன்சியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.

ஏறுவதற்காவது யாரேனும் வழி சொல்லிவிடுவார்கள். தனியாக வந்தவரைத் தவிக்கவிடுவது இறங்கும் வழி. காலையில் மேலே போகும் முன்பே மாலையில் கீழே வரும் கடைசி பஸ்ஸைப் பார்த்துவிடுங்கள். அட்டவணையை ஊன்றிப் படியுங்கள். 'ஃபெரியாலே' என்ற சொல்லைப் பார்த்து விடுமுறை நாள் என்று நினைத்துவிடுகிறோம். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தோம். அதன் பொருள் வேலை நாள், அதாவது திங்கள் முதல் சனி வரை. ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் 'ஃபெஸ்திவோ'. 'ஸ்கொலாஸ்திகோ' என்று குறித்திருந்தால் பள்ளி நடக்கும் நாளில் மட்டுமே அந்த பஸ் வரும். சிற்றூர்களில் பல தடங்களில் ஞாயிறன்று பஸ் மிகக் குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. மாணவர்களான நமக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிறன்று. முடிந்தால் சனிக்கிழமை போங்கள்.

'ஷோபெரோ' என்ற சொல்லையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். பஸ்களுக்கு இந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும்.

டிக்கெட் விஷயத்தில் சுருக்கமாக: உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நிலைய இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். கைபேசியில் எடுத்ததற்கும் ஏறும் முன் 'செக்-இன்' செய்ய வேண்டும். பஸ் டிக்கெட் பெரும்பாலும் 'தபாக்கி' எனப்படும் புகையிலைக் கடையில் கிடைக்கும். அந்தக் கடை மாலையில் மூடியிருக்கலாம் என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒரே நாளில் மூன்று ஊர் என்ற திட்டத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பகல் ஒன்று முதல் மூன்றரை, நான்கு மணி வரை கடைகளும் பல தேவாலயங்களும் பூட்டிக் கிடக்கும். மூன்று ஊர் பார்க்கக் கிளம்பியவர் மூன்றிலும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். ஓர்வியேத்தோவில் கம்பிவட ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரும் பேராலயத்தை நோக்கி விரைகிறார்கள். பக்கத்திலேயே புனித பாட்ரிக் கிணறு இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பின் தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் ஊர் தாகத்தில் மடியும் என்று அஞ்சி வெட்டச் சொன்ன கிணறு அது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீருக்கு இறங்கும் கழுதையும் தண்ணீரோடு ஏறும் கழுதையும் எதிரெதிரே வராதபடி அமைத்தார்கள். அடிவரை இறங்கி, மேலே தெரியும் வட்டமான வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்த பிறகுதான், உச்சியில் வாழ்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு முழு முற்பகல் கொடுங்கள்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். சான் ஜிமிஞானோவில் முன்பு இருந்த 72 கோபுரங்களில் எஞ்சிய 14ஐயும் பகல் கூட்டம் கலைந்த பின் பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களை ஒட்டி அறை தேடாதீர்கள். அவை பாலியோ குதிரைப் பந்தய நாட்கள். ஊரே நிரம்பி வழியும்.

தங்கப் போவதானால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது விடுதியின் சட்டக் கடமை. கைபேசியில் உள்ள படத்தை ஏற்க மறுக்கலாம். வசிப்பு அனுமதி அட்டை வரும்வரை, அதற்கு விண்ணப்பித்தபோது அஞ்சலகம் தந்த ரசீதையும் கூடவே வைத்திருங்கள். மாணவர் அட்டையைக் காட்டினால் எங்கும் சலுகை கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான சலுகை. நமக்கு உதவுவது மாதத்தின் முதல் ஞாயிறு; அன்று அவற்றில் எல்லோருக்கும் அனுமதி இலவசம்.

தனியாகப் போகிறவர் காலணியில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. நூற்றாண்டுகளாகத் தேய்ந்த கல் மழையில் எண்ணெய் பூசியது போல வழுக்கும். சக்கரப் பெட்டி அந்தச் சரிவில் உங்களைத்தான் இழுக்கும், முதுகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அவசர எண் 112. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அறைத் தோழர் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கைபேசி குளிரில் சட்டென்று அணைந்துவிடும். கடைசி பஸ்ஸின் நேரம், அது நிற்கும் கோட்டை வாசலின் பெயர், தங்கும் இடத்தின் முகவரி ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.