சக்கரத்துக்கு ஒரு துணி, பெயிண்டுக்கு வேறு துணி

காரை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் ஷாம்பூவையும் மெழுகையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். துடைக்கும் துணியில் மட்டும் அந்த அக்கறை இருப்பதில்லை. வெயிலில் பானெட்டின் மேல் வட்டவட்டமாகத் தெரியும் நுண்கீறல்களில் பெரும்பாலானவை, கழுவும்போதும் துடைக்கும்போதும் நம் கையாலேயே விழுந்தவை.

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் பேடும் தேய்ந்து, சூடான இரும்புத் துகள்கள் ரிம்மில் படிகின்றன. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த காரின் முன்சக்கரத்தை, நன்றாக ஆறிய பிறகு விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு மாவு ஒட்டிக்கொள்ளும். அதைத் தாளில் உதிர்த்து அடியில் காந்தத்தை நகர்த்தினால், துகள்களும் கூடவே நகரும். இத்துடன் பாலாற்று மணலும், ஜல்லி லாரிகள் ஓடும் சாலைகளின் கருங்கல் தூளும் சேர்கின்றன. இவற்றைத் தாங்க வேண்டிய கிளியர் கோட்டின், அதாவது பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சின், கனமோ பெரும்பாலும் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) அளவுதான்.

காரைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் (நுண்ணிழை) துணியின் இழைகள் பிளவுபட்டவை. அழுக்கை இறுகப் பிடித்துக்கொள்வதே அவற்றின் சிறப்பு. சக்கரத்தில் பட்ட துணியை எத்தனை முறை அலசினாலும் இரும்புத் துகள் முழுவதும் வெளியேறியதென்று சொல்ல முடியாது என்பதால், அத்துணி மறுபடி பெயிண்டுக்கு வரவே கூடாது. பெயிண்டுக்குப் பயன்பட்டுப் பழசான துணி சக்கரத்துக்குப் போகலாம். தரையில் விழுந்த துணியையும் உதறிவிட்டுத் தொடராமல் அப்போதே சக்கரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நிறத்தால் பிரிப்பதே நல்லது, ஏனெனில் மார்க்கரில் எழுதிய அடையாளம் நாளடைவில் மங்கிவிடும். சக்கரத்துக்குச் சாம்பல் நிறத்தில் மெல்லிய, விலை குறைந்த துணிகள் போதும். பெயிண்டுக்கு, சதுர மீட்டருக்கு 350 கிராமுக்கு மேற்பட்ட அடர்த்தியுள்ள வெளிர்நிறத் துணிகளை வாங்குங்கள்; அழுக்கு ஏறியிருந்தால் உடனே கண்ணில் படும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலிலேயே அகற்றிவிடுங்கள், அதன் விளிம்பும் கீறும். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி பெயிண்டுதான் என்றாலும் சக்கரம் வாரியடிக்கும் மண் படிவது அங்கேதான். அதற்கென மூன்றாவதாக ஒரு நிறம் வைத்துக்கொள்வதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

சக்கரங்கள் ஆறியபின், தனி வாளி, தனி பிரஷ் கொண்டு அவற்றை முதலில் முடியுங்கள். தெறித்த அழுக்கு காரின் உடலைக் கழுவும்போது போய்விடும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மேலிருந்து கீழாக வாருங்கள். துடைக்கும் துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்புங்கள். வேலூரின் சித்திரை வெயிலில் உப்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடும் என்பதால், விடியற்காலையில் நிழலில் நிறுத்தி, கழுவிய பகுதியை உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும்.

துவைப்பதிலும் பிரிவினை தொடர வேண்டும். ஒரே வாஷிங் மெஷினில் போடுவதானால் பெயிண்டுத் துணிகளை முதலிலும் சக்கரத் துணிகளைத் தனியே பிறகும் துவைத்து, அதன்பின் மெஷினை வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது, திரவ சோப்பே ஏற்றது. துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் இழைகளில் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பருத்தித் துணிகளோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டும். மொட்டை மாடிக் கொடியில் தூசி படியும் என்பதால், வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, மூடியுள்ள தனித்தனி டப்பாக்களில் வைத்துவிடுங்கள்.

காரைக் கழுவ வேறு ஆள் வருகிறார் என்றால், நிறங்களின் கணக்கை அவருக்குப் பொறுமையாக விளக்கி, சக்கர வேலை முடிந்து சாம்பல் நிறத் துணிகள் திரும்பி வந்த பிறகே பெயிண்டுத் துணிகளை எடுத்துக் கொடுங்கள்.