பஸ் திரும்பும் இடத்தில் மரத்தைக் குவிக்காதீர்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. டவுன் பஸ்ஸுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். குளக்கரைத் திடலில் திரும்பி, வந்த வழியே போகும். நான் 29 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புயல் அடித்தால் தெருவை எப்படிச் சுத்தப்படுத்த வேண்டும், ஊருக்கு எப்படிச் சேதி சொல்ல வேண்டும், பஸ்ஸை எப்படித் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. விடிந்து கதவைத் திறந்தால் தெருவையே காணோம். தென்னை, வேம்பு, கரண்ட் கம்பம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஊரே இறங்கி நாலு நாள் வெட்டினோம். ரோடு சுத்தமானது, பஸ் வரவில்லை. டெப்போவில் போய் விசாரித்தால், "உள்ளே வந்தா வண்டியை எங்கண்ணே திருப்புறது?" என்றார் டிரைவர். வெட்டியதை எல்லாம் குளக்கரைத் திடலில்தான் மலைபோலக் குவித்திருந்தோம். அதை எடுக்க இன்னும் எட்டு நாள் ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த எட்டு நாளும் மெயின் ரோடு வரை நடந்தார்கள்.

அதனால் முதல் வேலை புயலுக்கு முன்பே இருக்கிறது. அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. நம் பக்கம் புயல் வருகிற காலமும் அதுதான். விழுந்த மரத்தை எங்கே கொட்டுவது என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். பஸ் திரும்பும் இடம், டிரான்ஸ்பார்மர் அடி, மோட்டார் அறை வாசல் ஆகிய மூன்றும் கூடாது. வாய்க்கால் கூடவே கூடாது. அவசரத்தில் எல்லாருக்கும் கை அங்கேதான் போகும், ஏனென்றால் ரோட்டை ஒட்டி ஓடுவது அதுதான். தள்ளிவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் மட்டையும் கீற்றும் மிதந்து போய் மதகில் அடைத்துக்கொள்ளும், ஆகாயத்தாமரை அதன் மேல் வந்து சேரும். அடுத்த மழையில் தண்ணீர் வடிய வழி இல்லாமல் சம்பாப் பயிர் நின்ற இடத்திலேயே அழுகும். மரம் போன வீட்டுக்கு நெல்லும் போக வேண்டுமா?

புயல் ஓய்ந்ததும் அரிவாளைத் தூக்காதீர்கள். முதலில் கம்பியைப் பாருங்கள். ஊரில் கரண்ட் இல்லை என்பதால் கம்பியில் கரண்ட் இல்லை என்று ஆகிவிடாது. யாரோ வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அது தெருக் கம்பிக்கும் ஏறும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, மாவட்டப் பேரிடர் எண் 1077. எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம் என்று சொல்லுங்கள். லைன்மேன் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் மரத்தில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, தோப்பு மரமானால் வெட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள். அடிமரமும் வேரும் தெரிய வேண்டும், பின்னால் அடையாளத்துக்கு வீடோ கிணறோ இருக்க வேண்டும். சர்வே எண்ணோடு மர எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். கஜாவில் விழுந்த ஒரு தென்னைக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் மரத்தை அப்புறப்படுத்திவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே தவித்தார்கள்.

அப்புறம் பாதை. 12 அடி மூங்கில் ஒன்றை ரோட்டுக்குக் குறுக்காக, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, ஊர் முனையிலிருந்து கடைசி நிறுத்தம் வரை நடந்து வாருங்கள். பஸ் அகலம் இரண்டரை மீட்டர், அதாவது எட்டு அடிக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வேண்டும். மூங்கில் எங்கே இடிக்கிறதோ அங்கே பஸ் வராது, அந்த இடத்தை முதலில் வெட்டுங்கள். தலைக்கு மேல் தொங்கும் கிளையைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கம்பி போகிற இடத்தில் மூங்கிலை நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள்.

கீற்று, மட்டை, அடிமரம் மூன்றையும் தனித்தனியாகக் கொட்டுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்துவிட்டு, நொறுக்காமல் எடுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மறுநாள் குவியலில் வெறும் கையை விடாதீர்கள், பாம்பு வந்து அடைந்திருக்கும். தென்னங்கட்டையை மாதக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பிப் பிழைத்த மரத்தின் குருத்தைத் துளைக்கும். அறுத்து விறகாக்குங்கள், அல்லது தூளாக்கும் மெஷின் வந்தால் கொடுத்துவிடுங்கள். தோப்பில் வண்டு தெரிந்தால், ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்சட்டிகளில் வையுங்கள், வண்டு வந்து விழும்.

இதற்கெல்லாம் நடுவே ஊருக்குச் சேதி போய்க்கொண்டே இருக்க வேண்டும். டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து நான் எழுதுகிறேன். செல்போனில் சார்ஜ் இருப்பவர்கள் அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். "ரோடு கிளியர்" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இப்படி எழுதுங்கள்:

"நவ. 18, காலை 6.30. மேலத்தெரு முனை முதல் பள்ளிக்கூடம் வரை 12 அடி திறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மேற்கே கம்பி கிடக்கிறது, போக வேண்டாம். நேரில் பார்த்தது. அடுத்த தகவல் மதியம் 1 மணிக்கு."

நேரில் பார்த்ததா, யாராவது சொன்னதா, அலுவலகத்தில் தெரிவித்ததா என்பது கட்டாயம் இருக்க வேண்டும். "நாளைக்கு பஸ் வருமாம்" என்ற பேச்சை நம்பி கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் நின்ற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குப் போய் "மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள். பழைய தகவலை அழித்துவிட்டு எழுதுங்கள்.

பாதையும் திரும்பும் இடமும் சரியானதும் டெப்போவுக்குப் போன் போடுவதோடு நிற்காதீர்கள். மூங்கிலோடு திடலைப் படம் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் நேரில் போய்க் கிளை மேலாளரிடம் காட்டுங்கள். வண்டியை உள்ளே அனுப்ப அவருக்குத் தைரியம் வரும்.

சில சமயம் புயலைச் சாக்கிட்டு நின்ற ட்ரிப் நின்றே போய்விடும். அதைக் கேட்டு வாங்க ஆள் கணக்கு வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஏழு நாள் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள், அதில் மாணவர்கள் எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எத்தனை என்று குறியுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் நோட்டில் ரயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். பெண்களுக்கு ஒரு வார்த்தை: டவுன் பஸ்ஸில் 2021 முதல் உங்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனாலும் கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. வாங்காவிட்டால் அந்த ட்ரிப்பில் நீங்கள் ஏறியதாகவே கணக்கு இருக்காது, வண்டி காலியாக ஓடுகிறது என்று எழுதிவிடுவார்கள்.

கணக்கு நோட்டின் நகலையும் கிராம சபைத் தீர்மான நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒரு நகல் டெப்போவுக்கும் போகட்டும். மனு எண்ணையும் தேதியையும் பலகையின் மேல் ஓரத்தில் எழுதி வையுங்கள். பதில் வரும்வரை அதை மட்டும் அழிக்க வேண்டாம்.