கிளினிக் கொப்பியுடன் இன்னொரு கொப்பி

கொழும்பு தேசிய வைத்தியசாலை கிளினிக்கில் வைத்தியரின் முன் அமரக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், கேட்க வேண்டியவற்றை முதல்நாள் இரவே ஒரு சிறிய கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் அருந்தி 30 நிமிடங்களாவது கழிந்தபின், 5 நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்த இரத்த அழுத்தத்தையும் அதிலேயே திகதியுடன் குறித்து வாருங்கள். தவறவிட்ட குளிசைகளை மறைக்கவே வேண்டாம். அதை அறியாத வைத்தியர், மருந்து போதவில்லையென எண்ணி அளவைக் கூட்டிவிடக்கூடும். என் அம்மாவின் மேசையில் வெவ்வேறு வணிகப் பெயர்களில் இரண்டு பெட்டிகள் இருந்தன. சிறிய எழுத்தைப் படித்தபோது இரண்டுமே மெட்போமின் என்ற ஒரே நீரிழிவு மருந்து. ஆகவே, பெட்டியிலுள்ள வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதிவைத்து, சந்தேகமிருந்தால் மருந்தாளரிடம் கேட்டுவிடுங்கள்.