சாக்ஸபோன் சத்தம் மெலிசாக வருகிறதா?

முதலில் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) கழற்றி அதை மட்டும் ஊதிப் பாருங்கள். ஆல்டோ வகை சாக்ஸபோன் என்றால் போனில் இருக்கும் ட்யூனர் (சுருதி காட்டும் செயலி) 'ஏ' காட்ட வேண்டும், அதாவது 880 ஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு மேலே போனால் ரீடை, அதாவது மவுத்பீஸில் அதிரும் மெல்லிய பட்டையை, கடிக்கிறீர்கள் என்று அர்த்தம், தாடையைத் தளர்த்தி, உதட்டின் ஓரங்களைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளுங்கள். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது, அதுவரை ரீட் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லாங் டோன், அதாவது ஒரே சுரத்தை நீளமாக ஊதும் பயிற்சி. சலிப்புதான், ஆனால் வேறு வழியில்லை. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நடு 'ஜி'யில் தொடங்கி, நாலு எண்ணிக்கையில் சத்தத்தை ஏற்றி நாலில் இறக்கி, ஒவ்வொரு சுரமாகக் கீழே வாருங்கள். சத்தம் இறங்கும்போது சுருதி மேலே ஓடும், அதைப் பிடித்து வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. இது கொஞ்சம் நிலைத்ததும், எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் 'பி பிளாட்' சுரத்தின் விரல்களை மாற்றாமலே அதன் மேல் ஸ்தாயியைத் தொண்டையாலும் நாக்காலும் வரவழைத்துப் பாருங்கள். முதல் நாள் வாத்து கத்துவது மாதிரிதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதி உதடு வீங்குவதைவிட தினமும் 20 நிமிடம் மேல். போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், உடனே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கமகம் வேண்டுமென்றால் கர்நாடக இசையை சாக்ஸபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோவைக் கேளுங்கள். ரீடை மட்டும் மவுத்பீஸிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், துடைத்து உறையில் வையுங்கள், மூன்று நான்கு ரீடை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.