மாற்றுத்திறனாளி பார்க்கிங்: காலைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்

சக்கர நாற்காலி படம் போட்ட இடத்தில் ஒருவர் காரை விட்டுவிட்டு இறங்கி நடந்தே போகிறார் என்றால், அதை மட்டும் வைத்து அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. 1995-இல் வந்த பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்ததில் பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்களும், ஹீமோபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற ரத்த நோய்களும் உண்டு. இதில் பலவற்றைத் தெருவில் ஒரு ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதே சமயம் அந்த இடத்தை அநியாயமாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் நம்ம வேலூரில் நிறையப் பேர். அவர்களை விடக்கூடாது, மற்றவர்களை நோகடிக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது.

முதலில் நீங்கள் வண்டி ஓட்டுகிறவர் என்றால். அந்த இடம் ஏன் அவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டட விதிகளின்படி அது குறைந்தது 3.6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி அகலம் இருக்க வேண்டும். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கார் கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, சீட்டிலிருந்து அதற்கு மாற இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த அகலம். பக்கத்தில் சாய்வாகக் கோடு போட்டு விட்டிருக்கிறார்களே, அது சும்மா கிடக்கிற இடம் இல்லை. ஆனால் காந்தி ரோடு பக்கமோ ஆபீசர்ஸ் லைனிலோ ஏதாவது ஒரு கடை பார்க்கிங்கில் பாருங்கள், அந்தக் கோட்டின் மேல்தான் ரெண்டு ஸ்ப்ளெண்டரும் ஒரு ஆக்டிவாவும் நிற்கும். பைக்தானே, ஓரமாத்தானே என்று விட்டிருப்பார்கள். சக்கர நாற்காலியில் உள்ளே போனவர் திரும்பி வந்து கார் கதவைத் திறக்க முடியாமல், அந்த பைக்காரர் பில் போட்டு முடிக்கிற வரைக்கும் வெயிலில் நிற்பார். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரண டூவீலர் வரிசைக்குள் அதை நுழைக்க முடியாது.

'ரெண்டே நிமிஷம், உடனே எடுத்துடறேன்' வேண்டவே வேண்டாம். ஏசி போட்டுக்கொண்டு டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், யாராவது வந்தால் எடுத்துவிடுவோம் என்பதும் வேண்டாம், ஏனென்றால் வருகிறவர் இடம் இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார், கேட்கவே மாட்டார். வீட்டில் வயசானவர்களைக் கூட்டி வந்திருந்தால் வாசலில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிப் போய் நிறுத்துங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய காரை மட்டும் எடுத்து வந்திருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

சரி, வேறு யாரோ நிறுத்துவதைப் பார்க்கிறீர்கள். என்ன செய்யலாம்? அவரிடம் நேராகப் போய் 'உங்களுக்கு என்ன குறை' என்று கேட்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை, அவர் தன் உடம்பைப் பற்றி உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. கேட்க வேண்டியவர் அந்த இடத்தை நடத்துகிறவர். செக்யூரிட்டியிடம் போய், 'அண்ணா, அந்த இடத்துல நிக்கிற வண்டிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பார்த்தீங்களா?' என்று மட்டும் கேளுங்கள். அவர் பார்த்தேன் என்றால் விஷயம் முடிந்தது. பார்க்கவில்லை என்றால் இனிமேல் பார்ப்பார். வண்டியில் யாரும் இல்லை, அட்டையும் காட்டவில்லை, பாதை அடைபட்டிருக்கிறது என்றால் மைக்கில் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். 'டிஎன் 23 வண்டி உரிமையாளர் உடனே வரவும்' என்று பெரிய துணிக்கடைகளில் தினமும் சொல்கிறார்கள், இதற்கும் சொல்லலாம். போட்டோ எடுத்தால் நம்பர் பிளேட்டும் தரையில் இருக்கும் படமும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து மேனேஜரிடம் கொடுங்கள். நடந்து போகிறவரை வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாத காரியம். நீங்கள் நினைத்தது தப்பாக இருந்தால் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். காலையில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நம்மை மாதிரிதான் நடப்பாள். இந்த நோயில் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே நரம்புகளில் செய்தி போவது தடுமாறும். நம்ம வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் ஐம்பதடி நடந்தால் அவளுக்கு வலது கால் தரையை இழுக்கும், பார்வை மங்கும், குளிர்ச்சியான இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். போன கோடையில் ஒரு கடையில் அவள் அட்டையை எடுப்பதற்குள் செக்யூரிட்டி 'இன்னாம்மா, நல்லாத்தானே நடக்கிறீங்க' என்று நாலு பேர் எதிரில் சத்தம் போட்டார். அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. அவள் சண்டை போடவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

நம்ம ஊர் இரக்கம் இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் இருந்த ஊர் இது. அவர் முயற்சியில் 1966-இலேயே பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தார்கள். இங்கே ஆட்டோக்காரர்களுக்கு நாற்காலியை மடித்து ஏற்றத் தெரியும், ஊன்றுகோலைப் பார்த்தால் பஸ்ஸில் எழுந்து இடம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் கண்ணை நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் மட்டுமே பழக்கி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரத்த நோய்க்கு வைத்தியம் பார்க்க வருகிற பிள்ளைகளைப் பாருங்கள், வெளியே எதுவும் தெரியாது. ஹீமோபீலியா பையனுக்கு முட்டிக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தால் ஒவ்வொரு அடியும் வலி. அவனிடம் தமிழில் கத்தினால் அவன் அப்பாவுக்குப் பதில் சொல்லக்கூடத் தெரியாது.

கடையோ மண்டபமோ நடத்துகிறீர்களா? செக்யூரிட்டிக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: 'வணக்கம், அட்டை இருக்குதுங்களா?' காட்டினால் வழி விட வேண்டும், அதற்கு மேல் ஒரு கேள்வியும் கூடாது. கல்யாண நாளில் அந்த இடத்தில் ஜெனரேட்டரையும் வாழைமரத்தையும் வைக்காதீர்கள். பெயின்ட் மங்கினால் திரும்ப அடியுங்கள், மழையில் பாதி அழிந்த படத்தைக் காட்டி யாரையும் கேட்க முடியாது. சேவை தருகிற இடம் தனியாருடையதாக இருந்தாலும் அணுகல் வசதி செய்ய வேண்டும் என்று அந்த 2016 சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவை 50,000-இலிருந்து 5 லட்சம் வரை. இந்த வசதிகளுக்கான அடிப்படை விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே பொது இடத்தில் அவமானப்படுத்தினால் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இதையும் செக்யூரிட்டி ஏஜென்சிக்குச் சொல்லி வையுங்கள்.

கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தேதி, நேரம், போட்டோவோடு எழுத்தில் புகார் கொடுங்கள், வாயால் சொன்னது அங்கேயே போய்விடும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், ரசீது வாங்காமல் வராதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பிரதி கொடுங்கள். போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி எண் 1100-க்கு போன் செய்து பதிவு செய்யலாம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டதால் அந்த ஊர்க்காரர்கள் அவரவர் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு: அட்டை வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். 'நமக்கெதுக்கு அது, நடக்க முடியுதே' என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் ஃபைலாகப் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள். நன்றாக இருக்கிற நாளில் போனால் நன்றாக இருக்கிற மாதிரியே எழுதிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு, அதனால் மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்று வேண்டும்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள், இதய நோயாளிகள் விஷயம்தான் வருத்தமானது. சட்டத்தில் உள்ள அந்த 21 வகையில் இவை இல்லை. டயாலிசிஸ் முடித்து வருகிறவருக்கு வாசல்படி ஏறுவதே பெரிய பாடு. அப்படிப்பட்டவர்கள் கிளம்புவதற்கு முன்பே கடைக்கோ மண்டபத்துக்கோ போன் போட்டு, வாசல் வரை வண்டி வரலாமா, ஒரு நாற்காலி போட்டு வைப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். அட்டை உள்ளவர்கள் அதை பர்ஸில் அடியில் வைக்காமல், கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டில் பிரதி ஒன்றை வைத்துவிட்டு, அசலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பிரதியில் ஆதார் எண், முகவரி ஏதாவது இருந்தால் அடித்து மறைத்துவிடுங்கள்.